சங்கீத சம்பிரதாய பிரதர்சினி: 'ஸ்ரீ விச்வநாதம்' பாடம் பண்ணுவோருக்கு

முத்துசுவாமி தீட்சிதரின் 'ஸ்ரீ விச்வநாதம்' ஒரு ராகமாலிகை, அதாவது ராகம் மாறிக்கொண்டே வரும் பாட்டு; இதில் பதினான்கு ராகங்கள். "எந்த ராகமும் நின்று மலரவில்லை, வெறும் வித்தை" என்று குறை சொல்பவர்கள் உண்டு. சங்கீத சம்பிரதாய பிரதர்சினி நூலின் ஸ்வரப்படுத்தலை (ஸ்வரக் குறிப்பை) வைத்துக்கொண்டு ஒருமுறை பாடிப் பார்த்தால் அந்தக் குறை நிற்காது. சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் எழுதி 1904இல் எட்டயபுரத்தில் வெளியான நூல் இது; மியூசிக் அகாதெமியின் தமிழ்ப் பதிப்பு ஐந்து பாகங்கள்.

பல்லவியில் ஸ்ரீராகம், ஆரபி. அனுபல்லவியில் கௌரி, நாட்டை, கௌளை, மோகனம். சரணத்தில் சாமா முதல் பூபாளம் வரை எட்டு. இரண்டு, நான்கு, எட்டு என்று அங்கத்துக்கு அங்கம் ராக எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகிறது. முடிவில் பூபாளத்திலிருந்து ஸ்ரீராகம் வரை வந்த வழியே வேகமாகத் திரும்புகிறது. மற்ற ராகமாலிகைகளில் ஒரு சரணத்தை விட்டாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். இதில் நேரமில்லையென்று விலோமத்தை, அதாவது இந்தத் திரும்பும் பகுதியை, வெட்டினால் முதுகெலும்பே போய்விடும். ராகம் மலர ஆலாபனை இருக்கிறது. இங்கே தீட்சிதர் கேட்பது, ஒரு பிடியிலேயே ராகத்தைக் காட்டும் சுத்தம்.

சறுக்குவதும் அங்கேதான். திரும்பும்போது கௌளை, நாட்டை, கௌரி அடுத்தடுத்து வரும்: சுத்த ரிஷபம் (மிகத் தாழ்ந்த ரி), ஷட்சுருதி ரிஷபம் (மிக உயர்ந்த ரி), மறுபடி சுத்த ரிஷபம். நாட்டையின் ரிஷபம் கொஞ்சம் இறங்கினாலும் மூன்றும் குழம்பிவிடும். காம்போதியிலிருந்து சங்கராபரணத்துக்குப் போகுமிடத்தில், காம்போதியின் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) தெளிவாக விழவேண்டும்; 'ஸ நி ப த ஸ' என்று காகலியை, அதாவது சங்கராபரணத்துக்குரிய உயர்ந்த நிஷாதத்தை, தொட்டால் எல்லை அழிந்துபோகும். காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். விலோமம் எந்த வேகத்தில் சுத்தமாக நிற்கிறதோ, அதிலிருந்து பின்னோக்கிப் பல்லவியின் நடையைப் பிடியுங்கள்.

நூலின் பெரிய பலம் கமகக் குறிகள், அதாவது ஸ்வரத்தின் அசைவைக் காட்டும் குறிகள். கம்பிதத்துக்கு (ஸ்வரத்தை அசைப்பது) அலைக்கோடு, வழுக்கிப் போகும் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிர்ச் சாய்கோடுகள். முதலில் குறி விளக்கத்தைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேடுவதுதான் சிரமம். ராகமாலிகைகள் அனுபந்தத்தில் (பின்னிணைப்பில்) இருக்கின்றன, ராக லட்சணங்கள் வேறு பாகங்களில். மேளங்களும் (தாய் ராகங்களும்) அசம்பூர்ண முறைப்படி, அதாவது ஏழு ஸ்வரமும் முழுதாக வராத ராகங்களையும் மேளமாக ஏற்கும் முறைப்படி. காம்போதியை 28ஆம் மேளமான ஹரிகேதாரகௌளையின் கீழ் பார்க்கவேண்டும். தேவக்ரியா என்பது நாம் இன்று சுத்த சாவேரி என்று பாடுவது. குரல் பயிற்சி இல்லாதவர் இந்நூலை மட்டும் வைத்துக் கற்க முடியாது; வர்ணம், கீர்த்தனை தாண்டியவர்கள் ஐந்து பாகங்களையும் சேர்த்தே வாங்கலாம்.