ஒரு குளியலுக்காக 9 கிலோமீட்டர்: லாத்தா பெர்க்கோ நடைபாதை

ஆற்றில் குளிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் லாத்தா பெர்க்கோ வரை நடக்கத் தேவையில்லை. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் தலைமையகத்திலிருந்து சிறு நடைத் தொலைவிலேயே லூபோக் சிம்போன் என்ற குளிக்கும் துறை இருக்கிறது. மர உச்சிகளுக்கிடையே கட்டப்பட்ட தொங்கு பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு கிளைப் பாதை அங்கே இறங்குகிறது. சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் அங்கே குளித்துவிட்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம், அதில் குறையொன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டும் நாங்கள் நால்வர் கடந்த ஜூலை மாதம் தஹான் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லாத்தா பெர்க்கோவுக்கு, போக மட்டும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நடந்தோம். அந்த நடையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

தலைநகர் கோலாலம்பூரிலிருந்து ஜெராண்டுட் வழியாகக் காரில் பூங்கா வாசலான கோலா தஹானுக்கு வருவது எளிது. கோலா தஹான் என்றால் தஹான் ஆறு தெம்பெலிங் ஆற்றோடு கலக்கும் கூடுதுறை என்று பொருள். தங்கும் விடுதிகளும் மிதக்கும் உணவகங்களும் ஒரு கரையில், பூங்காவின் தலைமையகம் மறுகரையில். இடையில் ஆளுக்கு ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) சம்பான் படகு ஓடுகிறது. நுழைவு அனுமதிக்கும் எங்களிடம் ஒரு வெள்ளிதான் வாங்கினார்கள். மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ஒரு மழைக்காட்டுக்குள் நுழைய ஒரு தேநீரின் விலைகூட ஆகவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சியாகவும், பாதையின் பராமரிப்பை நினைத்தால் சற்றுக் கவலையாகவும் இருந்தது.

தொடக்கத்தில் பலகைகள் பாவிய நடைமேடை உண்டு. அது முடிந்ததும் வேர்களும் ஈரக் களிமண்ணும் தொடங்குகின்றன. தரை சமதளம் போலத் தோன்றினாலும் ஆற்றுக்கு இறங்கும் ஒவ்வொரு ஓடையும் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருப்பதால், இறங்குவதும் வேரைப் பிடித்து ஏறுவதுமாகவே பாதி நேரம் போய்விடுகிறது. 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் பாதுகாக்கப்பட்ட இந்தக் காட்டுக்கு 13 கோடி ஆண்டு வயது என்று சுற்றுலா விளம்பரங்கள் சலிக்காமல் சொல்கின்றன. அந்த முதுமையை உணரக் கணக்கு தேவையில்லை, ஒரு துவாலாங் மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். பூசினாற்போன்ற வெளிறிய தண்டு கிளையே இல்லாமல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கரடி ஏற முடியாத அந்த வழுவழுப்பைத் தேர்ந்துதான் மலைத்தேனீக்கள் அதன் உச்சிக் கிளைகளில் கூடு கட்டுகின்றன என்கிறார்கள். விலங்குகளைப் பார்க்கலாம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். யானைச் சாணத்தைப் பார்த்தோம், யானையைப் பார்க்கவில்லை. கூவாங் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் பெரும் காட்டுப் பறவையின் இரட்டைக் கூவல் மூன்று மணி நேரம் எங்களோடு வந்தது, பறவை ஒரு முறையும் கண்ணில் படவில்லை. அருகில் வந்தவை அட்டைகள் மட்டுமே. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் அண்ணன் பழைய வழக்கப்படி புகையிலையை ஊறவைத்த நீரைக் காலுறையில் தேய்த்துக்கொண்டார். கடையில் விலை கொடுத்து வாங்கிய தெளிப்பானை நம்பிய எனக்கு ஏழு கடிகள், அவருக்கு ஒன்று.

பாதையின் பெரும் குறை வழிகாட்டிப் பலகைகள்தாம். கிளைப் பாதை பிரியும் இடங்களில் சில பலகைகள் சாய்ந்தும் எழுத்து அழிந்தும் கிடந்தன. ஓரிடத்தில் விழுந்த மரத்தைச் சுற்றிப் போகப்போய் அரை மணி நேரம் வீணாயிற்று. வழிகாட்டி இல்லாமல் போகலாம் என்று சொல்லப்படும் பாதைதான் இது; ஆனால் காட்டு நடைக்குப் புதியவர்கள் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதே நல்லது என்பேன். முடிவுக்கு அருகில் ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்பதையும் பலர் சொல்வதில்லை. நாங்கள் போன நாளில் நீர் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. மழைக்குப் பின் அதே இடத்தில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

சேருமிடத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். லாத்தா பெர்க்கோவை அருவி என்று கேட்டு வருகிறவர்கள் உயரத்திலிருந்து விழும் நீரைத் தேடுவார்கள். இது பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் நீர்ச்சரிவு. குளிக்கும் மடு சரிவுக்குச் சற்றுக் கீழே, ஆறு இரைச்சலை விட்டு அமைதியாகும் இடத்தில் இருக்கிறது. நீர் தெளிவாக இருந்தும் நிறம் பழுப்பு. நம் கடைகளில் ‘தே ஓ’ (பால் சேர்க்காத தேநீர்) கேட்டால் கண்ணாடிக் குவளையில் வருமே, அதே நிறம். இலைகளும் வேர்களும் ஊறிய சாறுதான் இது, அழுக்கு என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். கரையிலிருந்து ஆற்றின் மேல் குனிந்து நிற்கும் நெராம் மரங்களின் தண்டுகளில் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளும் தொற்றிக்கிடக்கின்றன. அந்த மரங்களின் கனிகள் நீரில் விழுவதற்குக் கெலா மீன்கள் காத்திருக்கும். மூன்றரை மணி நேர வியர்வைக்குப் பின் அந்த நிழலில், கழுத்தளவு குளிர்ந்த நீரில் நின்றபோது நால்வரில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. லூபோக் சிம்போனில் கிடைக்காதது இதுதான். அங்கே மதியத்தில் ஆட்கள் நிறைந்துவிடுகிறார்கள், இங்கே ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு படகு வந்து போயிற்று.

பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல நாங்கள் குளித்த இடத்தில் எதுவும் இல்லை. உயிர்காப்பாளரும் இல்லை, கயிறும் இல்லை. நம் நாட்டு ஆறுகளில் பல உயிர்களைக் குடித்த ‘கெப்பாலா ஆயர்’, அதாவது மேலே மலையில் பெய்த மழை முன்னறிவிப்பின்றித் திரண்டு வரும் வெள்ளம், வெயில் அடிக்கும் நாளிலும் வரும். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கூடினாலோ பொருள்களை விட்டுவிட்டுக் கரையேறிவிட வேண்டும். கால் கையில் புண் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு இதே பகாங்கின் லூபோக் யூவில் ஒரு மீட்புப் பணிக்குப் பின், நீரிலும் மண்ணிலும் உள்ள கிருமிகள் புண் வழியே புகுந்து உண்டாக்கும் மெலியோய்டோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் ஆகிய நோய்கள் பரவி, 8 பேர் இறந்தனர். அட்டை கடித்த இடங்களைச் சுத்தம் செய்து, நீர் புகாத ஒட்டுத்துணி போட்ட பிறகே நான் இறங்கினேன்.

திரும்புவதற்குப் படகை முன்பே பேசி வைத்திருந்தோம். கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு என்பதால் நால்வராகப் போவது கட்டுப்படியாகும். அந்தப் படகுக்காரர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்ததும், ஒற்றைச் சொல்கூட விளக்கம் தராததும்தான் இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையான மனக்குறை. மாலை மங்கும் காட்டில், கைப்பேசி அலை இல்லாத இடத்தில், ஒரு மணி நேரம் என்பது சிறிய காத்திருப்பு அல்ல. ஆனால் அவர் படகோட்டும் திறமையில் பிழை சொல்ல முடியாது. நீர் வற்றிய மாதம் ஆதலால் அடிப்பாகம் கூழாங்கற்களில் உரசிய இடங்களில் எல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார், தள்ளினோம். நடந்த தொலைவு நெராம் மரங்களின் கீழே அரை மணி நேரத்தில் பின்னோடியது.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் காட்டுக்கு ஐந்து, மடுவுக்கு நான்கரை, பாதையின் பராமரிப்புக்கு இரண்டரை தருவேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்கலாம். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். உணவு அக்கரையிலேயே கட்டிக்கொண்டு வர வேண்டும், வழியில் கடை கிடையாது. படகுக்காரரிடம் மூன்று மணிக்கு வரச் சொல்லிவையுங்கள், நான்குக்கு வருவார்.