குச்சிக்கிழங்குக் காட்டுக்கு ரோட்டாவேட்டரா, உளிக்கலப்பையா?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்துச் செம்மண் காடுகளில், அதாவது மேட்டு நிலங்களில், குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி நடுவோர் பலர், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டரை டிராக்டரில் பூட்டி இரண்டு முறை ஓட்டிவிட்டு உடனே பார் (நடவுக்கான மண்வரப்பு) பிடித்துவிடுகிறார்கள். களையும் பழைய தட்டையும் துண்டாகி மண்ணோடு கலந்துவிடுவதாலும், நாளும் டீசலும் மிச்சமாவதாலும் அதில் நியாயம் இருக்கிறது. காய்கறிக்கு அந்தப் புழுதி போதும். கிழங்குக்குப் போதாது என்பதே என் முடிவு.

ரோட்டாவேட்டரின் கத்திகள் 10 முதல் 15 செ.மீ. ஆழம் வரைதான் மண்ணைக் கிளறுகின்றன. ஆண்டுதோறும் அதே ஆழத்தில் கத்தி அடித்து, மேலே டிராக்டரின் பாரமும் ஏறுவதால், அதற்கடியில் உள்ள மண் பலகையைப் போல இறுகிவிடுகிறது. எங்கள் காட்டில் பத்தாம் மாதம் பிடுங்கிய ஒரு செடியில், கிழங்குகள் அரை அடிக்குக் கீழே இறங்க வழியின்றி நுனி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. இழுத்தபோது இரண்டு முறிந்து பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. முறிந்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கும் என்பதால், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போவதற்கு முன்பே நட்டம் ஆரம்பமாகிவிடுகிறது.

உளிக்கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை. அரை மீட்டர் இடைவெளியில், ஒரு முறை நீளவாக்கிலும் மறுமுறை குறுக்கிலும், 40 செ.மீ. அளவுக்கு அடிமண்ணைக் கீறிப் பிளக்கிறது. மேல்மண் மேலேயே தங்க, மழைநீர் கீழே இறங்குகிறது. மண் காய்ந்திருக்கும் கோடையில் ஓட்டினால்தான் இறுகிய அடுக்கு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் வெறும் கோடுதான் மிஞ்சும். பிறகு கட்டி உடைக்க ஐந்து கொழு கொண்ட ஐந்து கொத்துக் கலப்பை தேவைப்படுவதால் செலவு கூடுகிறது என்றாலும், உளி உழவை மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். அடியில் பாறை இருக்கும் காட்டில் மட்டும் இதை இறக்கக் கூடாது, கொழு முறியும்.

 

எதையும் வாடகைக்குப் பேசுமுன், மழை பெய்து ஈரம் இறங்கிய மறுநாள் நான்கைந்து இடங்களில் கடப்பாரையை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடி வரை தடையின்றி இறங்கினால், அந்தக் காட்டுக்கு உளிக்கலப்பைச் செலவே வேண்டியதில்லை.