வீட்டிலேயே செய்த முயல் கூண்டு: எல்லாம் சரி, அந்த ஒரு மூலையைத் தவிர

முயல் வளர்க்க ஆசைப்படும் நண்பர் ஒருவர், "கூண்டை நாமே செய்துகொள்ளலாமா, நாள்பட உழைக்குமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

என்னுடையது பலரும் செய்கிற மாதிரிதான். சதுரக் கம்பிச் சட்டங்களைக் கேபிள் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இணைத்த இரண்டு அடுக்குக் கூண்டு. அடியில் பிளைவுட், அதன் மேல் வினைல் விரிப்பு, மாடிக்கு ஏற ஒரு சாய்வுப் பலகை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் பெரும்பாலான கூண்டுகளில் வளர்ந்த முயல் திரும்பிப் படுப்பதே கஷ்டம். இதில் மூன்று நான்கு தாவல் தாவலாம். பின்னங்காலில் எழுந்து நின்றாலும் காது இடிக்காது. தரையில் கம்பி வைக்காததும் நல்லதாயிற்று. பூனைக்கு இருப்பதுபோல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பியிலேயே நின்றுகொண்டிருந்தால் குதிகால் புண்ணாகிவிடும். வினைல் வழுக்கும் என்பதால் மேலே ஒரு பருத்தி விரிப்பு போட்டிருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது மாடிதான். சாயங்காலம் ஆனால் மேலே ஏறி, வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவார்கள். நிம்மதியாக இருக்கும் முயல்தான் அப்படிப் படுக்கும். கதவு திறந்தே கிடந்தாலும் தானாக உள்ளே போய்ப் படுக்கிறது என்றால், அதற்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இனி அந்த மூலை.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் போகும். அங்கே தட்டு வைத்து, பக்கத்திலேயே காய்ந்த புல்லையும் வைத்தால் தின்றுகொண்டே வேலையை முடித்துவிடும். இதுவரை சரி. ஆனால் என் முயல் தட்டுக்குள் உட்கார்ந்து பின்புறத்தை உயர்த்தித்தான் விடும். அது தட்டின் விளிம்பைத் தாண்டி, கம்பியில் பட்டு, விரிப்பும் சட்டமும் சேரும் இடுக்கில் இறங்கும். உணவில் மிஞ்சும் கால்சியத்தை முயல் மூத்திரத்தில்தான் கழிக்கிறது. அதனால் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்துவிடும். படிவு வினிகர் ஊற்றினால் கரைந்துவிடும். இடுக்குக்குள் போனதை என்ன செய்வது? சிலிகான் பூசினால் கடித்துப் பிய்க்கிறது. விரிப்பின் ஓரத்தை மடித்து நிறுத்தினால் அதையும் கொறிக்கிறது. ஆயுள் முழுக்கப் பல் வளரும் பிராணி, கொறிக்காமல் எப்படி இருக்கும்? அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் பிளைவுட் மேல்தான்.

போன வாரம் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அந்த மூலையில் பலகை கறுத்து, உப்பி, விரல் வைத்ததும் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. மற்ற மூன்று மூலைகளும் புதுசு மாதிரி. எவ்வளவு கழுவியும் போகாத நெடி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மூடிய அறையில் அந்த அமோனியா நெடி நம்மைவிட முயலின் மூச்சுக்குத்தான் அதிகக் கெடுதல். பலகையைக் கழற்றி மாற்றுவதற்குக் கேபிள் டைகளையும் வெட்ட வேண்டியதாயிற்று. கிட்டத்தட்டக் கூண்டையே மறுபடி கட்டினேன்.

இத்தனை சௌகரியமும் இருந்தும் நண்பருக்குச் சொன்ன பதில்: கட்டாதீர்கள். கழுவக்கூடிய டைல்ஸ் தரை இருந்தால் அதே கம்பிச் சட்டங்களை வேலி மாதிரி சுற்றி நிறுத்துங்கள், போதும். மாடியும் வேண்டாம், அடிப்பலகையும் வேண்டாம். குட்டி முயலாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தலை மாட்டிக்கொள்ளும். கேபிள் டையின் வாலை ஒட்ட வெட்டி, முடிச்சு வெளிப்பக்கம் வருமாறு இறுக்குங்கள். தட்டு மட்டும் பின்பக்கச் சுவர் உயரமானதாக இருக்கட்டும், முயல் எழும்பி உட்கார்ந்தாலும் மறைக்கிற அளவுக்கு.