சமையலறைக்குள் ஒரு கொலைத்தொடர்

டெட் கோட்செஃப் இயக்கி 1978இல் வெளிவந்த ‘ஹூ இஸ் கில்லிங் த கிரேட் செஃப்ஸ் ஆஃப் யூரோப்?’ படத்தில் சமையல் வெறும் பின்னணி அன்று. கொலைக்கான காரணம், கொல்லும் விதம், துப்பு ஆகிய மூன்றும் அதிலிருந்தே பிறக்கின்றன. லண்டனில் உணவு இதழ் ஒன்றை நடத்தும் மேக்ஸ் என்பவரிடம், உடல் எடையைக் குறைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். அதைத் தொடர்ந்து, மேக்ஸ் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் சமையல் வல்லுநர்கள், எந்தப் பதார்த்தத்துக்குப் பேர்போனவர்களோ அது தயாராகும் முறையிலேயே ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். புறாக்கறியில் கைதேர்ந்தவர் தம் அடுப்புக்குள்ளேயே பிணமாகக் கிடக்கிறார். வெனிஸ் நகரச் சமையல்காரர் சிங்கி இறால் தொட்டிக்குள் தலைகீழாக மூழ்கியிருக்கிறார்.

பாரிஸில் நடக்கும் கொலைதான் படத்தின் துணிச்சலுக்குச் சான்று. வாட்டிய வாத்தின் கறியை அரிந்தெடுத்தபின், எஞ்சிய எலும்புக்கூட்டைத் திருகு வைத்த கனத்த உலோகக் கருவியில் இட்டு நெருக்கி, வழியும் இரத்தமும் சாறும் சேர்த்துக் குழம்பு கூட்டுவது பிரெஞ்சுக்காரர்கள் பெரிதும் மதிக்கும் ஒரு முறை. அந்தக் கருவியே கொலைக்கருவியாகும்போது, அந்த உயர்ந்த ருசிக்குள் இருக்கும் கொடூரம் ஒரு விளக்கமும் இல்லாமல் நமக்கு உறைக்கிறது. சிரிப்பும் அருவருப்பும் ஒருசேர எழுகின்றன.

மேக்ஸாக நடித்திருக்கும் ராபர்ட் மார்லிதான் படத்தின் உயிர். ஒவ்வொரு சாவுச் செய்தியும் வரும்போது அவர் வருந்துவது இறந்த மனிதருக்காகவா, இனி எவர் கையாலும் கிடைக்காத அந்தப் பதார்த்தத்துக்காகவா என்று பிரித்தறிய முடியாதபடி நடித்திருக்கிறார். நாவுக்கு அடிமையான ஒருவரைக் கேலிப்பொருளாக்காமல், அந்த ஆசையின் முழு கௌரவத்தோடு நிறுத்திய அந்த நடிப்புக்காக லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விமர்சகர்கள் சங்கம் அவருக்குச் சிறந்த துணைநடிகர் விருது அளித்தது முற்றிலும் பொருத்தம்.

ஜார்ஜ் சீகலும் ஜாக்குலின் பிஸ்ஸெட்டும் பிரிந்துபோன தம்பதியராக வருகிறார்கள். சீகல் துரித உணவு வியாபாரி, பிஸ்ஸெட் இனிப்புப் பதார்த்தங்களில் வல்லவர். உணவைப் பற்றிய இருவேறு நோக்குகள் மோத இடமிருந்தும், அவர்களுடைய வாக்குவாதம் பெரும்பாலும் காதல் ஊடலாகவே நீண்டு, கதையின் வேகத்தைக் குறைக்கிறது. ‘பேரி லிண்டன்’ படத்துக்காக ஆஸ்கார் பெற்ற ஜான் ஆல்காட்டின் ஒளிப்பதிவு அந்தத் தொய்வைப் பல இடங்களில் மறக்கச் செய்கிறது. ஹென்றி மான்சினியின் இசையும் நன்று.

கொலையாளி யார் என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஆனால் கொலைக்கான நோக்கம் தெரியவரும்போது, மருத்துவரின் எச்சரிக்கையோடு தொடங்கும் அந்த முதற்காட்சியை மறுபடி பார்க்கத் தோன்றும். ஆகவே கதைச்சுருக்கம் எதையும் தேடிப் படிக்காமல் பார்ப்பதே நல்லது.