கையால் தைத்த ஷூ, காத்திருக்கத் தயாரா?

அப்பாவின் ஷூ பட்டறையை இப்போது மகள்தான் நடத்துகிறார். அங்கே ஒரு ஜோடி தைக்கச் சொன்னேன்; அளவெடுக்க மாலையில் வரச் சொன்னார். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரிப்படுமாம். இரண்டு பாதத்தையும் தனித்தனியாகத் தாளில் வரைந்தார். நடுவில் அவருடைய சித்தப்பா, “அடியை ஒட்டிவிட்டால் போதாதா, யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார். “தைத்தால்தான் சித்தப்பா, தேய்ந்ததும் அடியை மட்டும் எளிதாக மாற்றலாம்” என்று தாளிலிருந்து பென்சிலை எடுக்காமலே மகளின் பதில். அவருடைய காதலர் வேறு போனில் காத்திருந்தார், பாவம்! ஷூ தருவதாகச் சொன்ன தேதி தள்ளிப்போனது. அவர் வீட்டில் கல்யாணப் பேச்சாம். சரி, போகட்டும். ஷூ வந்ததும் போட்டுப் பார்த்தேன்: குதிகாலில் கடிக்கவே இல்லை, விரல்களுக்குத் தாராளமாக இடம். மேல்தோல் மட்டும் கொஞ்சம் விறைப்பு, போடப்போட இளகுகிறது. அவசரத்துக்கு வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.