மீன் விடாமல் தொட்டியை சைக்கிள் செய்வது: டெல்டா தண்ணீரில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மீன்கள் செத்துக் காலியான தொட்டியை மறுபடி நிரப்பும் முன், அம்மோனியா ஊற்றி சைக்கிள் செய்யும் முறையைப் பல வருடங்களாகப் போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் பயன்படுத்தி வருகிறோம். சைக்கிள் என்றால், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு விஷமில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை முன்கூட்டியே ஃபில்டரில் வளர்ப்பது. முறை நம்பகமானது. ஆனால் வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) அம்மோனியாவைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துத் தண்ணீரில் அப்படியே போட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும். இங்கே 2 பிபிஎம் தாராளம். மீதிக் கவனம் முழுக்க கேஎச் (பிஎச் விழாமல் தாங்கும் கார்பனேட் அளவு) மீதும் காற்றோட்டத்தின் மீதும் இருக்க வேண்டும்.

ஏன் 2 போதும் என்பதற்கு ஒரு கணக்கு. 40 சதவீதப் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராமில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அத்தனையும் அம்மோனியாவாக மாறினால்கூட 100 லிட்டர் தொட்டியில் 0.8 பிபிஎம்முக்கு மேல் போகாது. 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் தீவனம் என்பதே தாராளமான அளவு. ஒரு நாளில் 2 பிபிஎம்மைத் தின்று முடிக்கும் ஃபில்டருக்கு இது பெரிய சுமையே இல்லை. 4 பிபிஎம் வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிஎச் 7இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷமுள்ள வடிவில் இருக்கும். பிஎச் 8, வெப்பம் 28 டிகிரி என்றால் அது 6 முதல் 7 சதவீதம். போர் தண்ணீரில் பிஎச் 8ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்த நிலையில் மிகுதி அம்மோனியா, நைட்ரைட்டைத் தின்னும் அடுத்த கட்டத்து பாக்டீரியாவையே அடக்கிவிடும். நைட்ரைட் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கும் தொட்டிகள் பலவற்றில் காரணம் இதுதான்.

அம்மோனியாவுக்கு நாங்கள் நம்புவது ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். 31 கிராம் பொடியை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கிக்கொண்டால், 10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 1 மில்லி விட 1 பிபிஎம் வரும். 100 லிட்டருக்கு 2 பிபிஎம் வேண்டுமென்றால் 20 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றலாம். தொட்டியின் கொள்ளளவை வெளி அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர்; அதில் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழிய வேண்டும். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி கணக்குப்படி 159 லிட்டர். உண்மையில் 130 லிட்டர் நின்றாலே அதிகம்.

இதே பொருள் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்ற பெயரில் கிடைக்கும். கும்பகோணம் பக்கம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான். தூய்மை என்னவென்று தெரியாது; செம்பு கலந்திருந்தால் இறால், நத்தை வளர்க்க அந்தத் தொட்டி உதவாது. மீன் மட்டும் என்றாலும் விலை வித்தியாசத்துக்காக இந்த வழியில் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வயலுக்கு வாங்கிய யூரியாவைப் போடலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்காத ஆள் இல்லை. போடவே கூடாது. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது அந்தப் பூச்சின் நோக்கங்களில் ஒன்று. தொட்டியில் நாம் எந்த வேலை நடக்க வேண்டுமென்று காத்திருக்கிறோமோ, அதையே தடுக்கும் பொருளை நம் கையாலேயே சேர்ப்பதாகிவிடும். இறாலைப் போட்டு அழுகவிடும் முறையும் பரிந்துரைக்கத் தக்கதில்லை. நாற்றமும் பூஞ்சையும் நிச்சயம்; எவ்வளவு அம்மோனியா வந்தது என்பது மட்டும் தெரியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மேல்நிலைத் தொட்டி கழுவிய வாரத்தில் பிளீச்சிங் பவுடர் வாடையே வரும். குளோரின் போகும் முன் அம்மோனியாவை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். குளோரின் ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓடினால் பறந்துவிடும், குளோரமின் அப்படிச் சுலபத்தில் போகாது, பாக்டீரியாவும் பிழைக்காது. அதனால் 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்பேட், ஒரு இரவு காற்று, பிறகுதான் அம்மோனியா. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. கடலோரக் கிராமங்களில் உப்பு இருக்கும். சில இடங்களில் இரும்பு இருந்து செந்நிறமாகப் படியும். ஒரு டிரம்மில் காற்று விட்டு, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செம்படிவு ஃபில்டருக்குள் பாக்டீரியா ஒட்டும் செராமிக் ரிங் முழுவதையும் அடைத்துவிடும். நெல் வயல்களுக்கு நடுவே உள்ள கிணறு, போர் என்றால் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். சைக்கிள் தொடங்கும் முன் மூலத் தண்ணீரையும் ஒருமுறை சோதித்து எழுதி வைத்துக்கொண்டால், பிறகு வரும் நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டியதில்லை.

உப்புத் தண்ணீருக்குப் பயந்து வெறும் ஆர்ஓ தண்ணீரில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு 2 பிபிஎம் அம்மோனியாவும் நைட்ரேட் ஆகும்போது சுமார் 0.66 டிகிரி கேஎச் தீர்ந்துபோகும். ஐந்து முறை ஊற்றினால் 3 டிகிரிக்கு மேல் காலி. ஆர்ஓ தண்ணீரில் இந்த இருப்பே கிடையாது. பிஎச் 6.5க்குக் கீழே விழும், பாக்டீரியா சோர்ந்துவிடும், அம்மோனியா அளவு அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு பாக்டீரியாவே வரவில்லை என்று தோன்றும். உண்மையில் வந்திருக்கிறது, வேலை செய்யச் சூழல்தான் இல்லை. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கேஎச்சை ஒரு டிகிரி உயர்த்தும். கேஎச் 4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ஓவும் போரும் பாதிக்குப் பாதி கலந்தால் பெரும்பாலும் சோடாவே தேவைப்படாது. ஆர்ஓ தொட்டியில் பாக்டீரியாவுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் இருக்காது என்பதால், நுணுக்கிய தீவனம் ஒரு சிட்டிகை போடுவது நல்லது.

ஃபில்டரும் ஏர் பம்பும் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கத்திரி வெயிலில் 32 டிகிரிக்குச் சூடான தண்ணீரில் சுமார் 7.3தான். 28 முதல் 30 டிகிரி இந்த பாக்டீரியாவுக்கு நன்றாக ஒத்துப்போகிறது, அதற்கு மேல் போகவிட வேண்டாம். மார்கழி, தையில் தண்ணீர் 24 டிகிரிக்கு இறங்கினால் வேலை மெதுவாகும். ஹீட்டர் இருந்தால் 28இல் வையுங்கள். விளக்கு தேவையில்லை, பாசிதான் பிடிக்கும்.

மீன் இல்லாத தொட்டி கொசுவுக்கு வசதியான இடம். மழைக்கால டெங்கு சமயத்தில் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது இப்படித் தேங்கிய தண்ணீரைத்தான். மேற்பரப்பு முழுவதும் அசையும்படி ஃபில்டர் வாயைத் திருப்பி, கொசுவலைத் துணியால் மூடிவிடுங்கள்.

சோதனைக்குச் சொட்டு மருந்து கிட் வேண்டும். காகிதப் பட்டை இந்த வேலைக்குப் போதாது. செலவில் பெரியது இதுதான், ஆனாலும் இது இல்லாமல் இந்த முறையே இல்லை. 1 பிபிஎம் அம்மோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகும், அது 3.6 பிபிஎம் நைட்ரேட்டாகும். அதாவது 2 பிபிஎம் அம்மோனியா இரண்டு முறை ஊற்றினாலே நைட்ரைட் 10ஐத் தாண்டும். ஏபிஐ நிறுவனக் கிட்டின் நைட்ரைட் அட்டை 5 வரைதான் காட்டும். அந்த ஊதா நிறத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் அம்மோனியா சேர்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. அம்மோனியா 0.5க்குக் கீழே இறங்கினால் மட்டும் அடுத்த முறை ஊற்றுங்கள். நைட்ரைட் அட்டையைத் தாண்டியிருந்தால், 1 மில்லி தொட்டித் தண்ணீரோடு 4 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அப்படியும் உச்சம் என்றால் பாதித் தண்ணீரை மாற்றலாம். பாக்டீரியா ஃபில்டரிலும் மணலிலும் ஒட்டியிருக்கிறது, தண்ணீரோடு போகாது. நைட்ரேட் சோதனையில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் எண் குறைவாக வரும். நைட்ரைட் அதிகமுள்ள நாட்களில் நைட்ரேட் எண்ணை நம்பவே வேண்டாம், நைட்ரைட்டும் அதில் சேர்ந்து காட்டும்.

வேறு தொட்டியின் பாக்டீரியாவைக் கொண்டுவந்து விதைக்காமல் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத ஒரு தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சை உங்கள் ஃபில்டரின் பக்கத்தில் வைத்தால் அது ஒன்று, இரண்டு வாரமாகக் குறையும். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் வேண்டாம்; போன மீன்கள் நோயில் போயிருந்தால் உங்கள் பழைய ஸ்பாஞ்சும் வேண்டாம். பாட்டில் பாக்டீரியாக்களில் எங்களுக்கு நிலையான பலன் கிடைத்ததில்லை. நாகை, வேதாரண்யம் இறால் பண்ணைகளுக்கு விற்கும் புரோபயாட்டிக் பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ் வகை. அவை கழிவை மட்கவைக்கும், நைட்ரைட்டைக் குறைக்காது. மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது முக்கியமாக நைட்ரோஸ்பைரா என்று 1998இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது.

மின்தடை இந்தப் பக்கத்துக்கு உரிய சோதனை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மூடிய கேனிஸ்டருக்குள் (தொட்டிக்கு வெளியே இருக்கும் ஃபில்டர் டப்பா) சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே அழுகத் தொடங்கும். மின்சாரம் நின்றால் மீடியாவை (பாக்டீரியா ஒட்டிய ரிங், ஸ்பாஞ்ச்) வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் பரப்பி, பேட்டரி ஏர் பம்பை அதன் கீழே ஓடவிடுங்கள். அடைத்துக் கிடந்த கேனிஸ்டரை அப்படியே திரும்ப ஆன் செய்யாமல், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆனால் முடிந்தது. மறுநாளும் ஒருமுறை ஊற்றி உறுதி செய்துகொண்டு, 80 முதல் 90 சதவீதத் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 20க்குக் கீழே கொண்டுவாருங்கள். மூலத் தண்ணீரிலேயே அதற்கு மேல் இருந்தால் ஆர்ஓ கலக்க வேண்டியிருக்கும். மீன் வரத் தாமதமானால் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் ஊற்றுங்கள். மீன் விடும் முந்தைய நாள் நிறுத்திவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். விட்ட முதல் வாரம் தீவனத்தைப் பாதியாக வைத்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் பாருங்கள். எது 0.25 காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, அன்று தீவனம் போடாதீர்கள்.