இன்டர்ன்ஷிப்: திருமணிமுத்தாறா, ஏற்காடு ஓடையா, ஆபீஸ் வேலையா?

சேலத்தில் ஆறுகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் விடுவார்கள்: ஊருக்குள் திருமணிமுத்தாற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது, ஏற்காட்டில் ஓடைகளைக் கணக்கெடுப்பது, ஆபீஸில் வரைபடமும் அறிக்கையும் தயாரிப்பது. மூன்றிலும் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஏற்காடுதான். குளுகுளுவென்று இருக்கும், சரி. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதிலேயே பாதி நாள் போய்விடும், கோடை விடுமுறையில் போனால் பல ஓடைகளில் வெறும் பாறைதான் கிடக்கும். மலைதான் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். அப்போது காபிப் பழம் பறித்துத் தோல் உரிப்பார்கள், அந்தக் கழிவுநீர் ஓடையில் இறங்கினால் தண்ணீர் என்ன ஆகிறது என்று நேரிலேயே பார்க்கலாம்.

திருமணிமுத்தாறு நாறும். சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்து அடிக்கிற வாடையில் முதல் வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூட நுழையாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் அயோடைடு கலந்த காரக் கரைசலும் விட்டு மூடிக் குலுக்குவோம். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். மலையடிவாரத்தில் பிடித்தது பழுப்பு, ஊரைத் தாண்டிப் பிடித்தது வெள்ளை. சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற அதே ஆறுதான் இரண்டு பாட்டிலிலும்! குளிக்கிற தண்ணீரிலேயே லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆபீஸ் வேலையில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகலாம், பின்னால் வேலை தேடும்போது கைகொடுக்கும். ஆனால் ஆற்றில் இறங்காமல் வரைபடத்தில் நீலக்கோடு போடுவதில் எனக்கு மனசு ஒட்டவில்லை, அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்: வாராவாரம் ஒரே இடத்துக்கு அனுப்புவார்களா, கையுறையும் பூட்ஸும் தருவார்களா, பஸ் காசு யார் கொடுப்பது. ஒரே ஒரு நாள் குப்பை பொறுக்க வைத்து, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற இடமென்றால் வேண்டாம்.